காத்திருக்காத விதைகள்

ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை போய்ச் சேர்ந்தால், கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை. தேயிலைச் சரிவு, அதன் நடுவே வரிசை பிடித்து நிற்கும் சில்வர் ஓக், அங்கங்கே யூகலிப்டஸ் தோப்பு. வண்டியை ஓரம் கட்டிவிட்டு எல்லோரும் படம் எடுக்கிறோம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தில் விழும் இந்த மூன்றில் ஒன்றுகூட அந்த மலையில் பிறந்தது இல்லை. தேயிலை சீனா, அசாம் பக்கத்துச் செடி. சில்வர் ஓக்கும் யூகலிப்டஸும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. 1890-களில் தொடங்கி, காப்பிக்கும் தேயிலைக்கும் ஏலத்துக்குமாக இங்கிருந்த மழைக்காட்டை வெட்டிக்கொண்டே போனார்கள். சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பீடபூமியில், செங்குத்துச் சரிவு என்றோ ஓடைக் கரை என்றோ விட்டுவைத்த இடங்களில் மட்டும் பழைய காடு துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது.

அப்படி மிஞ்சிய ஒரு துண்டுக்குள், எஸ்டேட்டில் அனுமதி வாங்கி, வழிகாட்டி ஒருவரோடு பிப்ரவரி கடைசியில் ஒரு காலை முழுக்க நடந்தோம். உடன் வந்தவர்களில் பொள்ளாச்சியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சரும் இருந்தார். வழிகாட்டித் தம்பி, எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய பூட்டனார் காலத்தில், கங்காணி ஒருவர் சமவெளியிலிருந்து கூட்டிவந்த குடும்பம். அம்மா இன்னமும் கொழுந்து எடுக்கிறார். மரங்களைப் பற்றித் தெரிந்ததில் பாதியைக் காடர் இனப் பெரியவர்களிடம் கேட்டுக் கற்றதாகச் சொன்னார். ஆனைமலைக் காடுகளில் காலம் காலமாக வாழ்கிறவர்கள் காடர்கள்.

காட்டு விளிம்பில் நுழைந்ததும் இயல்பாக எல்லோரும் தலையைத் தூக்கினோம். முப்பது மீட்டர் உயரத்துக்கு நெடுநெடுவென்று போகும் மரங்கள், கீழே சுவர் மாதிரி விரிந்த பலகை வேர்கள்.

"அக்கா, மேலே அப்புறம் பாக்கலாம். முதல்ல கீழே பாருங்க" என்றார் தம்பி.

கீழே பார்த்தால் ஒன்றுமில்லை, கணுக்கால் உயரத்துக்குச் சில செடிகள். குனிந்து ஒன்றைக் காட்டினார். பென்சில் கனத்தில் ஒரு தண்டு, நுனியில் நீண்டு கூரான நாலைந்து இலைகள். இலையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். மேலே கரும்பச்சை, அடியில் வெள்ளியும் செம்பும் கலந்த பளபளப்பு. விரலால் தேய்த்தால் பொடி ஒட்டுவது போல் இருக்கும், ஆனால் ஒட்டாது. அத்தனையும் நுண்ணிய செதில்கள். கையிலிருந்த உருப்பெருக்கியை டீச்சர் வைத்துப் பார்த்துவிட்டு எனக்குக் கொடுத்தார். ஒவ்வொரு செதிலும் ஓரம் கிழிந்த வட்டமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்திருந்தது.

"இது வெடிப்பலா. இந்த உசரத்துக்கு வரவே சில வருஷம் ஆகியிருக்கும்."

அப்புறம்தான் மேலே பார்க்க விட்டார். அந்தக் கன்றின் தாய் மரம் பத்தடி தள்ளி நின்றது. கிளைகளின்மேல் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போலக் கொத்துக் கொத்தாகப் பழுப்பு. அவை பூக்கள். கிளை நுனியில் இல்லாமல், மொத்தக் கிளையின் பட்டையிலிருந்தே நேரடியாகக் கிளம்பியவை. தரையெல்லாம் உதிர்ந்து கிடந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். இதழ் கிடையாது. சதைப்பற்றுள்ள ஒரு குழல், அதற்குள்ளிருந்து நீட்டிய மகரந்தத் தண்டுகள். அவ்வளவுதான் பூ. நிறத்தைக் காட்டி வண்டையோ பட்டாம்பூச்சியையோ அழைக்கும் பூ இல்லை இது. இதைத் தேடி வருபவை பெரும்பாலும் பாலூட்டிகள். இரவில் வௌவாலும் மரநாயும், பகலில் மலையணிலும் குரங்குகளும். காட்டில் வேறு பழம் அதிகம் இல்லாத மாதங்களில் இது பூக்கிறது. அந்த இனிப்புக் குழல்தான் அப்போது பல உயிர்களுக்குச் சாப்பாடு. சிங்கவால் குரங்கு, அதாவது சோலைமந்தி, பூவையும் தின்னும், பின்னால் வரும் விதையையும் தின்னும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் வாழாத குரங்கு அது. வெடிப்பலா இல்லாத ஆனைமலையில் அது எப்படி ஆண்டை ஓட்டும் என்று யோசிக்கவே கஷ்டமாக இருக்கிறது.

பழம் மழைக்காலத்தில். பந்து போல உருண்டு, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும். முற்றினால் வெடித்துப் பிளக்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களுக்கு டுரியன் நினைவுக்கு வரும், வரத்தான் வேண்டும். இரண்டும் நெருங்கிய உறவு. இலங்கையின் மழைக்காடுகளில் இதன் உடன்பிறப்பு இனங்களே வளர்கின்றன.

தாவரவியலாளர்கள் இந்த உயரத்துக் காட்டுக்குப் பெயர் வைத்ததே மூன்று மரங்களைக் கொண்டுதான்: வெடிப்பலா, நாங்கு, காட்டு இலுப்பை. தென் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 700 முதல் 1400 மீட்டர் வரை உள்ள பசுமைமாறாக் காட்டில் இந்த மூன்றும் சேர்ந்து நிற்கும். வால்பாறை ஊர் இருப்பது 1100 மீட்டர் வாக்கில். சரியாக நடுவில். அதாவது இப்போது தேயிலை இருக்கும் இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்கத் தேவையே இல்லை. இந்த மூன்று மரமும் இவற்றோடு சேரும் நூற்றுக்கணக்கான செடி கொடிகளும்தான் இருந்தன.

காட்டு இலுப்பையை மலையாளப் பக்கம் பாலி என்பார்கள். காரணத்தைத் தம்பி காட்டினார். காற்றில் ஒடிந்து தொங்கிய ஒரு சிறு காம்பை நகத்தால் கீறினார். ஒரு கணம் ஒன்றுமில்லை. அப்புறம் கீறலின் நெடுக வெள்ளைப் புள்ளிகள் அரும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரு சொட்டாகத் திரண்டு தொங்கியது. விரலில் வாங்கித் தேய்த்தால் கொஞ்ச நேரத்தில் பிசின்போல இழுபட்டது. காயத்தை மூடுவதற்கும், தின்ன வரும் பூச்சியின் வாயை ஒட்டவைப்பதற்குமான பால் அது.

நாங்கை அடையாளம் காட்ட யாரும் தேவைப்படவில்லை. பிப்ரவரியில் கொழுந்து விட்ட நாங்கு மரத்தைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் பூத்திருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். இளஞ்சிவப்பில் தொடங்கி, செம்பாகி, வெளிறி, கடைசியில் பச்சைக்கு வரும். கொழுந்து நிமிர்ந்து நிற்காது, துவண்டு கீழ்நோக்கித் தொங்கும். மழைக்காட்டு மரங்கள் பலவற்றுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. இலை இளசாக இருக்கும்போதுதான் பூச்சிக்கு அது மெத்தென்ற உணவு. அந்த நாட்களில் பச்சையத்தை உள்ளே போட்டு வைப்பது மரத்துக்கு நஷ்டம். இலை கெட்டிப்பட்ட பிறகே பச்சையத்தை ஏற்றுகிறது, சிவப்பு நிறமி அதுவரை வெயிலிலிருந்தும் பூச்சியிலிருந்தும் காக்கிறது என்று விளக்கம் சொல்கிறார்கள். இத்தனை மென்மையான கொழுந்தை விடும் மரத்தின் கட்டையோ தண்ணீரில் போட்டால் மூழ்கும். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போட வெட்டியிருக்கிறார்கள்.

குங்கிலிய மரம் இன்னும் ஒரு படி மேலே. அதன் கொழுந்து ரத்தச் சிவப்பு. அடிமரத்தில் பழைய வெட்டுக் காயம் ஒன்றிலிருந்து பிசின் கறுத்து, கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது. கருங்குங்கிலியம். காடர்கள் சேகரித்துக் கொண்டுவந்து விற்கும் காட்டுப் பொருட்களில் இதுவும் ஒன்று. தம்பி தொட விட்டார், எடுக்க விடவில்லை. அது சரியும்கூட.

மிளகுக் கொடியைக் கடந்தபோது எங்களில் பாதிப் பேர் நிற்கவே இல்லை. யாரோ நட்டது என்று நினைத்திருப்பார்கள். ஆனால் மிளகின் சொந்த ஊர் இந்தக் காடுதான். உலகம் கடல் கடந்து தேடி வந்த அந்தக் கொடி, வேரால் மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு, யாரும் கவனிக்காமல் நிழலில் ஏறிக்கொண்டிருந்தது. காட்டு மிளகில் பெரும்பாலும் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. தோட்டத்தில் காய்த்துத் தள்ளும் ரகங்களில் ஒரே பூவில் இரண்டும் இருக்கும்படி மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள்.

இனி, அந்தக் காலையில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட விஷயத்துக்கு வருகிறேன். கன்றுகளைப் பார்க்கச் சொல்லித் தம்பி ஏன் தொடங்கினார் என்பது பாதி வழியில்தான் விளங்கியது. டீச்சர் கேட்டார்: "இவ்வளவு அருமையான மரமெல்லாம் இருக்கே தம்பி, விதையை எடுத்துப் பத்திரமா வச்சுக்க முடியாதா? நாளைக்கே காட்டுக்கு ஏதாவது ஆனாலும் விதை இருக்குமில்ல?"

"வைக்க முடியாதுங்க டீச்சர். வச்சா செத்துப்போயிரும்."

நாம் பழகிய விதை வேறு. நெல்லைக் காயவைத்துக் குதிரில் போடுகிறோம், அடுத்த பட்டத்துக்கு எடுக்கிறோம். புளியங்கொட்டை வருஷக்கணக்கில் டப்பாவில் கிடந்தாலும் முளைக்கும். காய்ந்தால்தான் அந்த விதைகளுக்கு ஆயுள். மழைக்காட்டின் பெருமரங்கள் பலவற்றின் விதைக்குக் காய்வதுதான் சாவு. வெடிப்பலா விதை பெரியது, ஈரம் நிறைந்தது, விழும்போதே முளைக்கத் தயாராக இருப்பது. ஆண்டுக்குச் சுமார் 3500 மில்லிமீட்டர் மழை பெய்கிற இடத்தில், ஈரத்துக்காகக் காத்திருக்க வேண்டிய தேவையே அதற்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. ஆகவே காத்திருக்கும் திறமையும் அதற்கு இல்லை. சில நாட்கள், போனால் சில வாரங்கள். அதற்குள் மண்ணைத் தொட்டு முளைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே உயிர் போய்விடும். குளிரூட்டியும் பயனில்லை. உறையும்போது உள்ளிருக்கும் நீரே திசுவைக் கிழித்துவிடும். நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008-இல் திறந்தார்களே, உலகத்துப் பயிர் விதைகளை மைனஸ் 18 டிகிரியில் காக்கும் பெட்டகம், அந்த மாதிரி இடத்தில் இவற்றுக்கு வாழ்வில்லை.

அப்படியானால் இந்தக் காடு தன்னுடைய எதிர்காலத்தை எங்கே சேமித்து வைக்கிறது? காலடியில். அந்தப் பென்சில் கனக் கன்றுகளில்.

விதை காத்திருக்காது, கன்று காத்திருக்கும். வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வந்து சேரும். அதை வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு ஒன்றிரண்டு இலை விட்டு, பல ஆண்டுகள் முழங்கால் உயரத்திலேயே நிற்கும். பக்கத்தில் ஒரு பெரிய மரம் சாய்ந்து வானம் திறந்தால் மட்டும் விறுவிறுவென்று ஏறும். திறக்காவிட்டால் அப்படியே நின்று பெரும்பாலானவை மடியும். அந்தத் துண்டுக் காட்டின் தரையில் எங்களைச் சுற்றி நின்றவை எல்லாம் வரிசையில் காத்திருந்தவை. பாதையை விட்டு ஓரடி விலகி நின்று படம் எடுத்த ஒருவரைத் தம்பி கொஞ்சம் கண்டிப்பாகவே கூப்பிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் அப்படியொரு திறப்பு இருந்தது. ஒரு பெருமரம் சாய்ந்து சில வருஷம் ஆகியிருக்கும் போல. அங்கே முதலில் இடம் பிடித்திருந்தது வட்டக்கண்ணி. அதன் இலைக்காம்பு ஓரத்தில் சேராமல் இலையின் உள்பக்கமாக வந்து சேரும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். இந்த மாதிரி முன்னோடி மரங்களின் கதை நேர் எதிர். சிறிய விதை, மண்ணுக்குள் புதைந்து வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும், வெயில் பட்டதும் எழும்பும். வேகமாக வளர்ந்து நிழல் கொடுத்துவிட்டு சில பத்தாண்டுகளில் போய்விடும். அதன் நிழலில்தான் மற்ற மரங்கள் மேலே வரும்.

எல்லாக் கன்றும் நல்ல செய்தி இல்லை. விளிம்புப் பக்கம் திரும்பியதும் தரை மாறியது. இடுப்பு உயரத்துக்கு ஒரே இலை, ஒரே செடி, அடர்த்தியாக. ரொபஸ்டா காப்பி. யாரும் நட்டதில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பழத்தை மரநாயும் குரங்கும் தின்று காட்டுக்குள் விதைத்தது. காப்பி நிழல் தாங்கும் செடி, அதனால்தான் சிக்கல். உண்ணிச்செடி, மிகானியா மாதிரியான வெளியூர்க் களைகள் வெளிச்சம் இருக்கும் ஓரத்தோடு ஓரளவு நின்றுவிடும். காப்பி உள்ளே வந்து, வெடிப்பலாக் கன்று காத்திருக்க வேண்டிய அதே நிழலில் உட்கார்ந்துகொள்கிறது.

இன்னொன்று மீசாப்சிஸ். காப்பிக்கு நிழல் தர ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மரம். பழுத்தால் இருவாச்சிப் பறவைக்குப் பிடிக்கும். நாங்கள் நின்றிருந்தபோதுதான் மேலே அந்தச் சிறகுச் சத்தம் கேட்டது. தூரத்தில் ரயில் இன்ஜின் மூச்சு விடுவது போல. மலை இருவாச்சி ஆண் ஒன்று கடந்து போனது. அது கூடு கட்டும் பருவம். பெட்டை மரப்பொந்துக்குள் அடைபட்டு, ஒரு கீறல் திறப்பு மட்டும் விட்டு மூடிக்கொண்டு உட்காரும். ஆண் அத்தி, காட்டு ஜாதிக்காய், குங்கிலியப் பழம் என்று பொறுக்கிக் கொண்டுபோய் ஊட்டும். இந்தக் காட்டின் பெரிய விதைகளைத் தூரமாகக் கொண்டுபோய்ப் போட இதைவிட்டால் ஆள் அதிகம் இல்லை. அதே பறவை மீசாப்சிஸையும் விதைக்கிறது. பறவைக்கு எது உள்ளூர், எது வெளியூர் என்று தெரியுமா? பழம் இருந்தது, தின்றது. அங்கே எதை நட்டது யார் என்ற பொறுப்பு நம் பக்கம்தான் இருக்கிறது. தம்பி பாதையோரத்து மீசாப்சிஸ் கன்று ஒன்றை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு நடந்தார். போகிற போக்கில், தினமும் செய்கிறவர் மாதிரி.

மனசுக்கு ஆறுதலான இடமும் இருக்கிறது. வால்பாறையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்தவர்கள், எஸ்டேட் நிறுவனங்களின் சம்மதத்தோடு, இந்தத் துண்டுக் காடுகளைச் சீர்செய்து வருகிறார்கள். உள்ளூர் மரங்களுக்கென்றே நாற்றங்கால் வைத்திருக்கிறார்கள். விதை காத்திருக்காது என்பதால், பழம் விழும் பருவத்தில் சாலையோரத்திலும் தோட்ட ஓரத்திலும் விழுந்ததைப் பொறுக்கி, உடனே போட்டாக வேண்டும். காட்டுக்குள் விழுந்தது காட்டுக்கே. கன்று ஓரளவு தேறிய பிறகு, தென்மேற்குப் பருவமழை பிடிக்கும்போது நடுகிறார்கள். களையெடுப்பு அதற்குப் பிறகும் ஓயாது.

இதைப் பார்த்த பிறகு, ஒரே நாளில் லட்சம் மரம் நட்டோம் என்கிற அறிவிப்புகளைப் படிக்கும்போது எனக்குப் பொறுமை குறைந்துவிட்டது. எந்த மரம், எந்த ஊருக்கு, யார் களை எடுப்பார்கள் என்ற மூன்று கேள்விக்கும் பதில் இல்லாத நடவு, நட்ட அன்றோடு முடிந்த வேலை. இருக்கிற காட்டுத் துண்டை விட்டுவைப்பதற்கு ஈடாக எந்த நடவையும் வைக்க முடியாது. தாய் மரம் நின்றால்தானே அடுத்த மழைக்கு விதை விழும்? இவற்றில் பல துண்டுகள் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்கு வெளியே, தனியார் நிலத்தில் இருக்கின்றன. இவை நிற்பதும் போவதும் எஸ்டேட்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நல்லபடியாக நினைக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களைப் பாராட்டி ஒரு வார்த்தை எழுதினாலும் அதற்குப் பலன் உண்டு என்று நம்புகிறேன்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது டீச்சர் விடாமல் கேட்டார். பொள்ளாச்சியில் வீட்டுக்குப் பின்னால் இடம் இருக்கிறது, ஒரு வெடிப்பலாக் கன்று கிடைக்குமா? தம்பி யோசித்துவிட்டுத் தலையாட்டினார். "அங்க அதுக்கு மழையும் பத்தாது, குளிரும் பத்தாதுங்க. நீங்க இலுப்பை வைங்க டீச்சர். காட்டு இலுப்பைக்குச் சொந்தம்தான். சமவெளிக்கு அதுதான் மரம்."

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று சொல்லிச் சொல்லியே அந்த மரத்தை இரண்டாம் பட்சமாக்கிவிட்டோம். கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்த மரம், கோடையில் நல்ல நிழல், வௌவாலுக்குப் பூ. இப்போது பழைய கோயில் வளாகங்களிலும் சாலையோரங்களிலும் மிச்சம் நிற்பவை கொஞ்சம். டீச்சர் அங்கேயே குறித்துக்கொண்டார், தம்பி சொன்னதை நானும் சேர்த்துக் குறித்துக்கொண்டேன்: இலுப்பை விதையும் காத்திருக்காத ஜாதிதான். கோடை முடிந்து மழை தொடங்கும் நாட்களில் பழம் விழும். பொறுக்கிய கையோடு சதையைக் கழுவிவிட்டு, காயவைக்காமல், அந்த வாரத்துக்குள்ளேயே மண்ணில் போட்டுவிட வேண்டும்.